நூல் பிடித்தாற்போல் ஒரு நோயாளி

விசில் சாரின் விசிலில் இரத்தம் வந்தது ஒரு திங்கட்கிழமைக் காலை. அறுநூறு பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அசையாமல் நிற்பதற்கான ஒற்றை விசிலை ஊதிவிட்டு எடுத்துப் பார்த்தால், வாய் வைக்கும் இடத்தில் சிவப்பாக ஒரு கீற்று. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்ததை ஊதினார். பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. உடற்பயிற்சி ஆசிரியர். முப்பத்தொரு வருடமாக விசிலை ஒரே மாதிரிதான் பிடிக்கிறார். மேல் முன்பல் இரண்டுக்கும் கீழ் முன்பல் இரண்டுக்கும் நடுவே கடித்துக்கொள்வார். கை இரண்டும் சும்மா இருக்கும், அந்தக் கைகளால் இடம், வலம், நில், போ எல்லாம் காட்டுவார். விசிலைக் கையில் பிடித்து ஊதுகிறவர்களை அவர் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. பிள்ளைகள் வைத்த பெயர்தான் விசில் சார். லீவு கேட்டு எழுதும் பெற்றோர்கூட 'மதிப்புக்குரிய விசில் சார் அவர்களுக்கு' என்றே ஆரம்பித்தார்கள்.

இப்போது அந்தக் கீழ் முன்பல் இரண்டும் நாக்கால் தள்ளினால் ஆடின. இது ஒன்று. ஆண்டுப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபத்திரண்டு என்று வந்திருந்தது. இது இன்னொன்று. அவருடைய அண்ணனுக்கும் ஏறக்குறைய இதே எண்தான் வந்தது. அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு முடிவெட்டப் போனவர், ஐம்பத்து நான்கு வயதில், முடிவெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். பாதித் தலைதான் வெட்டியிருந்தது. மீதியை வெட்டுவதா விடுவதா என்று கடைக்காரர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். போனை எடுத்தது விசில் சாரின் மனைவி. அவள் அதை மறக்கவில்லை.

அவள் தையல்காரி. பள்ளிச் சீருடைகள் தைப்பவள். "பல்லையும் இரத்தத்தையும் ஒரே இடத்துல பாக்குறாங்களாம். நல்லதாப் போச்சு, ஒரே அலைச்சலோட முடிஞ்சிடும். போய்ட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தாள்.

அந்த ஒரே இடத்தின் பெயர் ஈறு–இரத்தக்கொழுப்புத் தொடர்பு மையம். பள்ளி ஊழியர்கள் வாய்க்கும் இரத்தத்துக்கும் அங்கேதான் போக வேண்டும் என்பது விதி. அங்கிருந்து ஆண்டு முடிவில் வரும் தகுதிச் சான்று இல்லாவிட்டால் மறு ஆண்டு விசில் சார் மைதானத்தில் கால் வைக்க முடியாது. நான்கு மாடி, கண்ணாடிக் கதவு, வாசலில் காவலாளி. காவலாளிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, முக்காலியில் ஒரு அம்மாள், மடியில் ஒரு தட்டு, தட்டு நிறைய ஊசிகள்.

"வாயத் திறங்க" என்றாள் ஊசி அம்மாள்.

"நான் இன்னும் பேரே குடுக்கலையேம்மா."

"பேரு உள்ள குடுங்க. ஊசி இங்க. இது ஒத்தப்படை வாரம், வலது பக்கம்."

மூன்று வருடத்துக்கு முன்னால் மையத்தைப் பார்வையிட ஒரு குழு வந்திருந்ததாம். அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அளவெடுக்கும் அறையிலிருந்து ஒரு நோயாளி 'ஐயோ' என்று கத்தியிருக்கிறார். குழுத் தலைவரின் மடியில் தேநீர் கொட்டிவிட்டது. மறுநாளே ஆணை வந்தது: வாய் மரத்துப்போகாத வெளியாள் எவரும் இந்தக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. எவரும் என்றால் எவரும்தான். தபால் கொண்டு வருகிறவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், தவறான வாசலில் நுழைந்து வழி கேட்கிறவர், எல்லோருக்கும் ஊசி உண்டு. இயக்குநருக்குச் சாப்பாடு கொண்டு வந்த அவருடைய மாமனாருக்கே ஒருமுறை போட்டுவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு சாப்பாடு கொண்டு வருவதில்லை.

அதனால் பதிவு மேசைக்கு வந்து சேரும்போது விசில் சாரின் வலது கன்னம், வலது உதடு, பாதி நாக்கு மூன்றும் அவருடையவையாக இல்லை.

"என்ன குறை?" என்று எழுத்தர் பெண் கேட்டாள்.

கீழ்ப்பல் ஆடுகிறது, இரத்தம் வருகிறது என்று அவர் விளக்கமாகச் சொன்னார். வெளியே வந்தது காற்றும் கொஞ்சம் எச்சிலும். அவள் நிமிர்ந்து பார்க்காமலே ஒரு ரப்பர் முத்திரையை எடுத்துக் குத்தினாள். 'நோயாளி குறை எதுவும் கூறவில்லை.'

"எல்லாரும் இதத்தான் சார் சொல்றாங்க" என்றாள். பிறகு பன்னிரண்டு பக்கப் படிவத்தைத் தள்ளினாள். "ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கையெழுத்து. படிக்கணும்னா படிங்க, ஆனா பின்னால ஆளு நிக்குது."

பின்னால் ஆள் நிற்கும்போது வரிசையைத் தாமதப்படுத்துவது விசில் சாரின் ரத்தத்திலேயே கிடையாது. பன்னிரண்டு கையெழுத்தையும் போட்டார்.

அளவெடுக்கும் அறையில் இருந்தது ஒரு இளம் பல் மருத்துவர். எல்லோரும் அவளை அளவு டாக்டர் என்றார்கள். பென்சிலைவிட மெல்லிய கம்பி ஒன்று வைத்திருந்தாள். அதில் மில்லிமீட்டர் கோடுகள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதைச் செருகி, எவ்வளவு ஆழம் போகிறது என்று உரக்கச் சொல்வாள். உதவியாளர் எழுதிக்கொள்வார். ஆழம் மூன்றுக்குள் இருந்தால் நல்ல ஈறு. அதற்கு மேல் போகப் போகப் பல் பிடிமானம் இழக்கிறது என்று அர்த்தம்.

"மூணு. நாலு. நாலு. அஞ்சு. மூணு. நாலு."

நாற்காலியில் மல்லாந்து படுத்திருந்த விசில் சாரின் கால்விரல்கள் அந்த எண்ணிக்கைக்குத் தானாக ஆடின. முப்பத்தொரு வருடப் பழக்கம்.

"ஒம்பது" என்றாள் அளவு டாக்டர், கீழ் முன்பல்லுக்கு வந்ததும். அடுத்ததற்கும் "ஒம்பது." உதவியாளரின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

உதவியாளர் வெளியே போன சமயம் பார்த்து அவள் குனிந்தாள். "சார், ஈறுக்கு அடியில காரை கட்டிக் கெடக்கு. நாலஞ்சு தடவை உக்கார வச்சு சுத்தம் பண்ணினா ஈறு இறுகிடும். பல்லு நிக்கும். கஷ்டமான வேலையே இல்ல."

எப்போது என்று கேட்க அவர் மணிக்கட்டுக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"இங்க பண்ண மாட்டோம் சார். பண்ணினா அது சிகிச்சை ஆயிடும்" என்றாள். உதவியாளர் திரும்பி வந்ததும் கம்பியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

சிகிச்சை ஆனால் என்ன என்பது இயக்குநரின் அறையில்தான் தெரிந்தது.

அந்த அறையின் ஒரு சுவர் முழுக்கத் தக்கைப் பலகை. குறுக்கே கொலஸ்ட்ரால், மேல்வாக்கில் ஈறின் சராசரி ஆழம். பலகை முழுக்க நிறம் நிறமாகக் குண்டூசிகள். ஒவ்வொரு குண்டூசியும் ஒரு நோயாளி. கீழே இடது மூலையிலிருந்து மேலே வலது மூலைக்கு ஒரு சிவப்பு நூல் இழுத்துக் கட்டியிருந்தது. குண்டூசிகள் நூலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, பள்ளி விட்டதும் ஓடுகிற பிள்ளைகள் மாதிரி சிதறிக் கிடந்தன. கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு ஈறும் பெரும்பாலும் கெட்டிருந்தது என்பது தூரத்திலிருந்து பார்த்தால் தெரிந்தது. கிட்டத்தில் போனால் அவ்வளவாகத் தெரியவில்லை.

இயக்குநர் கையில் ஒரு பச்சைக் குண்டூசி. இருநூற்று அறுபத்திரண்டு என்று குறுக்கே போனார், நான்கு புள்ளி ஐந்து என்று மேலே ஏறினார், குத்தினார். குண்டூசி நூலின் மேலேயே, நூலைத் துளைத்துக்கொண்டு இறங்கியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"நாலு வருஷம் சார். நானூத்திப் பதினோரு பேரு. ஒருத்தர்கூட நூல் மேல நிக்கல. கிட்டக்க வருவாங்க, நின்னுட மாட்டாங்க. ஒழுங்கு கெட்ட ஜனங்க. நான் இதைப் பத்தி மூணு மாநாட்டுல பேசியிருக்கேன், மூணுலயும் ஒரே கேள்வி. நூல் மேல ஒரு ஆளையாவது காட்டுங்கன்னு. இப்பக் காட்டுவேன். நீங்கதான் சார் எங்க ஆளு."

விசில் சாருக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வரிசையில் நிறுத்தியவர். நூல் பிடித்தாற்போல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். மரக்காத பாதி வாயால் சிரித்தார். பிறகு மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து, சிகிச்சை எப்போது தொடங்கும் என்று எழுதி நீட்டினார்.

இயக்குநர் அதைப் படித்துவிட்டு, பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார்.

"சார், வாசல்ல போர்டு பாத்தீங்கல்ல? தொடர்பு மையம். ஈறு கெட்டாக் கொழுப்பு ஏறுது, கொழுப்பு ஏறினா ஈறு கெடுது. எது முதல்லன்னு தெரியாது, ஆனா தொடர்பு இருக்கு. அதைக் கண்ணும் கருத்துமா வளத்து வச்சிருக்கோம். இப்ப உங்க ஈறை நான் சரி பண்ணிட்டேன்னு வைங்க. தொடர்பு என்ன ஆகும்? அறுந்துடும். அப்புறம் இந்த மையம் எதுக்கு, நான் எதுக்கு, இந்த நூல்தான் எதுக்கு?"

ஒரு அறிவுரைத் தாளைக் கொடுத்து விசில் சாரை அனுப்பினார்கள். பல் துலக்கும் விதத்தை மாற்றக் கூடாது. வழக்கத்தைவிடக் கூடுதலாக நடக்கக் கூடாது. பொரித்ததைக் குறைக்கக் கூடாது. ஆண்டு இறுதி மாநாடு வரை, இப்போது இருப்பது போலவே இருக்கவும்.

அதன் பிறகு புதன்கிழமைதோறும் போய் வந்தார். ஒற்றைப்படை வாரத்தில் வலது, இரட்டைப்படையில் இடது. ஊசி, முத்திரை, கம்பி, எண்கள். புதன் மதியம் விளையாட்டுப் பிரிவேளையில் விசில் ஊத முடியாது, உதடு எங்கே முடிகிறது என்றே தெரியாது. பிள்ளைகள் கையைப் பார்த்தே வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டார்கள். கன்னத்தைக் கடித்துக்கொண்டதுகூட வீட்டில் கண்ணாடி பார்க்கும்போதுதான் தெரிந்தது. நாளாக ஆக, வியாழன், வெள்ளியிலும் எதுவும் பெரிதாக உறைக்கவில்லை. மருந்து அவ்வளவு நேரம் நிற்காது என்று சொன்னார்கள். ஆனால் அவருக்கு நின்றது.

"இப்படியே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எப்படிங்க?" என்று மனைவி அவரைப் பக்கத்துத் தெருப் பல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் வாயைத் திறந்து பார்த்தார், அடையாள அட்டை எண்ணைக் கணினியில் தட்டினார், கையுறையைக் கழற்றிவிட்டார்.

"இது மையத்தோட கோப்புல இருக்கிற வாய்ம்மா. அவங்க ஆட்சேபணை இல்லைன்னு கடுதாசி குடுத்தாத்தான் நான் தொட முடியும்."

கடிதம் கேட்டு எழுதினார்கள். ஒன்பது நாளில் பதில் வந்தது. 'தங்கள் வாய் தற்போது மையத்தின் பயன்பாட்டில் உள்ளது. பயன்பாடு முடிந்ததும் தெரிவிக்கப்படும்.'

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். தையல் மெஷினுக்கு அடியில் வைத்தாள்.

"சரி. ஈறு அவங்களோடது. இரத்தம் என் அடுப்புல இருந்துதானே வருது?" என்றாள்.

அன்றிலிருந்து எண்ணெய்ப் புட்டி அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது. பொரித்தது நின்றது, வேகவைத்தது வந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மெஷினை மூடிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

"கூடுதலா நடக்கக் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கு" என்றார் அவர்.

"நீங்க எங்க நடக்குறீங்க? எனக்குத் துணைக்கு வர்றீங்க."

பள்ளி மைதானத்தைப் பன்னிரண்டு சுற்று. அவள் முன்னால், அவர் இரண்டடி பின்னால். பதினோரு வாரம். முடிவில் இருநூற்றுப் பதினெட்டு வந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். முடிவெட்டும் கடைக்காரரின் போன் வந்த நாளிலிருந்து அவளோடு இருந்த பயம் அன்றுதான் விட்டது. அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அன்று புதன்கிழமை.

மறு வாரம் ஒரு அறிவிப்பு வந்தது. 'தங்கள் கொலஸ்ட்ரால் நாற்பத்து நான்கு அலகு குறைந்திருப்பது மையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இது தாங்கள் அறிந்தே நடந்ததா, யாருடைய தூண்டுதலின் பேரில் நடந்தது, குறைந்த கொழுப்பு இப்போது எங்கே உள்ளது என்பதற்கு நேரில் விளக்கம் அளிக்கவும்.'

"நானும் வர்றேன்" என்றாள் மனைவி.

அந்தப் புதன்கிழமை விசாரணை நாள் என்பதால் அவருக்கு இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். அடுத்து அவளைப் பார்த்து ஊசி அம்மாள் "வாயத் திறங்க" என்றாள். அவள் திறக்கவில்லை. உதடுகளைச் சற்றே பிரித்துக் காட்டினாள். உள்ளே வரிசையாக ஏழு குண்டூசிகள், தலைகள் வெளியே தெரிய. தையல்காரிகள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான், அளவு பார்க்கும்போது குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வது. இதற்கு முன்பு யாரும் வாயில் குண்டூசியோடு மையத்துக்கு வந்ததில்லை. ஊசி அம்மாள் காவலாளியைப் பார்த்தாள். காவலாளி ஆணையைப் புரட்டிப் பார்த்தார். அதில் இதற்கு எதுவும் இல்லை.

"மரத்துப் போச்சுன்னா முழுங்கிடும். போகட்டும் விடு" என்றார்.

இப்படியாக, மூன்று வருடத்தில் முதன்முறையாக, பேசக்கூடிய ஒரு வாய் வெளியிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது.

இயக்குநரின் அறையில் ஈறுப் பிரிவின் தலைவரும் இரத்தப் பிரிவின் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி நாற்காலிகள் போட்டிருந்தது. ஒரே மாடியில் எதிரெதிர் அறையில் இருக்கிறார்கள், நான்கு வருடமாகத் தபாலில்தான் பேச்சு. பலகையில் பச்சைக் குண்டூசி நூலைவிட்டு விலகி மேலே, தனியாக நின்றது.

"இரத்தம் குறைஞ்சிருக்கு, ஈறு குறையல. முன்னறிவிப்பு இல்லாம இரத்தம் குறைஞ்சா ஈறு என்ன பண்ணும்?" என்றார் ஈறுத் தலைவர்.

"இரத்தம் தன் கடமையச் செஞ்சிருக்கு. ஒத்துழைக்காதது ஈறு" என்றார் இரத்தத் தலைவர் சுவரைப் பார்த்து.

"இங்க யாரையும் குத்தம் சொல்றது நோக்கமில்ல" என்றார் இயக்குநர். "வெள்ளிக்கிழமை மாநாடு. இவர் நூல் மேல நிக்கிறார்னு அழைப்பிதழ்ல அச்சடிச்சாச்சு. அதுக்குள்ள இவரைத் திரும்ப நூலுக்குக் கொண்டு வரணும். வழி சொல்லுங்க."

மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேலை ஓரத்தில் குத்திக்கொண்டாள்.

"நூலை நகத்துங்க" என்றாள்.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். அந்த அறையில் மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"நான் முப்பது வருஷமா தைக்கிறேன். தச்சது சேரலன்னா தையலைப் பிரிச்சு மறுபடி தைப்போம். உடம்புக்குத்தான் துணிய வெட்டுவோம், துணிக்காக உடம்ப வெட்ட மாட்டோம். அது வெறும் நூல்தானே? ஒரு ஆணியக் கழட்டி ஒரு இஞ்ச் மேல அடிங்க."

"வெறும் நூலா?" இயக்குநருக்கு உண்மையிலேயே வலித்தது. "அம்மா, அந்த நூல் மூணு மாநாட்டுக்குப் போய்ட்டு வந்திருக்கு. உங்க வீட்டுக்காரர் இன்னும் ஒண்ணுக்குக்கூடப் போகல."

அளவு டாக்டர் மெதுவாகச் சொன்னாள். "சார், சுத்தம் பண்ணினா ஆழம் தானாக் குறையும். ஆறு வாரம் குடுங்க."

"வெள்ளிக்கிழமைம்மா."

அப்போது உதவியாளர் தொண்டையைக் கனைத்தார். கையில் கால்குலேட்டர். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், கணக்கு நேராக வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை.

"சார், இருபத்தெட்டுப் பல்லு. கூட்டினா நூத்தி இருபத்தாறு. சராசரி நாலு புள்ளி அஞ்சு. இருநூத்திப் பதினெட்டுக்கு நூல் கேக்கறது நாலு புள்ளி ஒண்ணு அஞ்சு. கீழ் முன்பல்லு ரெண்டும் ஒம்பது, ஒம்பது. அது ரெண்டும் இல்லைன்னு வைங்க..." தட்டினார். "நூத்தி எட்டு. இருபத்தாறால வகுத்தா, நாலு புள்ளி ஒண்ணு அஞ்சு."

ஈறுத் தலைவரும் இரத்தத் தலைவரும் நான்கு வருடத்தில் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து கை குலுக்கினார்கள்.

"என்ன, பல்லப் பிடுங்கப் போறீங்களா?" மனைவியின் குரல் உயர்ந்தது. "சுத்தம் பண்ணினா சிகிச்சை, அது கூடாது. பிடுங்கினா மட்டும் என்னவாம்? அது சிகிச்சை இல்லையா?"

"சிகிச்சை இல்லம்மா" என்றார் இயக்குநர். "திருத்தம். ஒம்பதாம் பக்கம் பாருங்க. 'நோயாளியின் அளவுகளில் தேவையான திருத்தங்களைச் செய்ய மையத்துக்கு உரிமை உண்டு.' சார் கையெழுத்துப் போட்டிருக்கார். விருப்பமில்லைன்னா இப்பவே விலகிக்கலாம், நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. தகுதிச் சான்று மட்டும் கிடைக்காது."

அவள் கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்க. சான்றும் வேணாம், மண்ணும் வேணாம். வாங்க வீட்டுக்கு."

அவர் எழுந்திருக்கவில்லை. சான்று இல்லாமல் மைதானம் இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அது மட்டும் காரணம் இல்லை. அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானூற்றுப் பதினோரு ஊசிகள் கலைந்து கிடந்ததெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. வரிசையில் நின்ற ஒன்று வரிசையைவிட்டு விலகி நின்றது. முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு பிள்ளையை அவர் கண்டும் காணாமல் விட்டதில்லை. அந்தப் பச்சை ஊசி அவருக்கும் உறுத்தியது.

அளவு டாக்டர்தான் பல்லை எடுத்தாள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பற்கள், சிரமமே இல்லாமல் வந்துவிட்டன. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒரு அறையில் யாரோ ஒரு நாற்காலியை நகர்த்தியது போல ஒரு சத்தம் மட்டும் தலைக்குள் கேட்டது, இரண்டு தடவை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வெளியே போகும்போது எழுத்தர் பெண் முத்திரை குத்தினாள். நோயாளி குறை எதுவும் கூறவில்லை.

வெள்ளிக்கிழமை மாநாட்டு அரங்கில் நோயாளிகளைப் பின்வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். அரங்கும் மையத்தின் கட்டடத்துக்குள்தான் வருகிறது என்பதால் எல்லோருக்கும் ஊசி. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போக, மற்றப் பக்கம் தொங்க, நானூறு பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முகங்களைப் பாருங்க" என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். "எல்லாரும் சிரிக்கிறாங்க. இந்தச் சிரிப்புதான் எங்க உழைப்புக்குக் கிடைச்ச பலன். நண்பர்களே, கொழுப்பு குறைஞ்சா ஈறும் குறையும்னு நாங்க சொன்னப்ப யாரும் நம்பல. இதோ, இவருக்குக் கொழுப்பு குறைஞ்சுது. ஈறும் குறைஞ்சுது. அதுக்காக நாங்க எந்தச் சிகிச்சையும் குடுக்கல, ஒண்ணே ஒண்ணுகூடக் குடுக்கல. எல்லாம் தொடர்பு தானாச் செஞ்சது."

பச்சைக் குண்டூசியைப் பிடுங்கி நூலின் மேல் குத்தினார். நூல் பிடித்தாற்போல் நின்றது. அரங்கம் எழுந்து கை தட்டியது. கைகள் மரத்திருக்கவில்லை என்பதால் சத்தம் பலமாகவே வந்தது.

"சார், நீங்க பேச வேணாம், சும்மா ஒரு விசில் அடிங்க. உங்க ஸ்டைல்ல" என்றார் இயக்குநர்.

விசில் சார் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, விசிலை எடுத்து வாயில் வைத்தார். கையை எடுத்தார். மேல்பற்கள் கடிக்கக் கீழே இறங்கின, கீழே எதுவும் இல்லை. விசில் நழுவி மேடையில் விழுந்து உருண்டு, முன்வரிசையில் யாருடைய காலணியிலோ இடித்து நின்றது.

"பாருங்க, ஊதவே முடியல அவரால. அவ்வளவு நெகிழ்ச்சி" என்றார் இயக்குநர். மறுபடி கை தட்டினார்கள். தகுதிச் சான்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த ஐந்து வருடத்துக்கும் அவருடைய வாய் மையத்தின் தொடர் கண்காணிப்பில் இருக்கும் என்ற அறிவிப்புக்கும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டம் போட்ட சான்று மடியில் இருந்தது. ஐந்தரை மணிக்கு மருந்து இறங்க ஆரம்பித்தது. முதலில் உதடு திரும்பி வந்தது, பிறகு நாக்கு. நாக்கு பழக்கதோஷத்தில் அந்த இரண்டு பற்களைத் தள்ளிப் பார்க்கப் போய், வெறும் குழியில் விழுந்தது. அப்புறம்தான் வலி வந்தது. இரண்டு நாள் தாமதமாக, மொத்தமாக வந்தது. அவருக்கு அழுகை வந்தது. ஐந்து மாதத்தில் அவர் உணர்ந்த முதல் விஷயம் அது.

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வாங்க. பன்னெண்டு சுத்து வேணாம், ரெண்டு போதும். காத்தாட நடந்துட்டு வரலாம்."

"நான் வரல."

"வலிக்குதா?"

"வலிக்குது. அதுக்கில்ல." பற்களின் இடைவெளியில் காற்று போய்ப் போய் வந்தது. "நடந்தாக் கொழுப்பு இன்னும் குறையும். குறைஞ்சா நூல் இன்னும் கீழ கூப்பிடும். அடுத்தது ஏழு மில்லிமீட்டர்ல மூணு பல்லு இருக்கு. நான் பாத்துட்டேன்."

அவள் செருப்பைக் கழற்றாமலே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும்தான் இருந்தது.

"எண்ணெய்ல பொரிச்சது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் அவர். "உருளைக்கிழங்கு மாதிரி. மெல்லுறதுக்கு லேசா இருக்கட்டும்."

அவள் சமையலறைக்குப் போனாள். மேல் தட்டிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எக்கி எடுத்தாள். மூடியைத் திறக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்து அவர் எதிரில் நின்றாள்.

"உங்க அண்ணன் எப்படிப் போனார்னு மறந்து போச்சா? அந்த நாற்காலியில, பாதித் தலையோட..."

"மறக்கல" என்றார் விசில் சார். "அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் எல்லாப் பல்லும் இருந்துச்சு."